கொல்லிமலைக்கு ஒரு மூக்கு

எங்கள் டூர் வேனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேன் அல்ல, சமையல். எருமப்பட்டியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்வருவது என் பிழைப்பு. அடுப்பும் பாத்திரமும் பின்சீட்டுக்குப் பின்னால் வரும். கூடவே சமையல்கார அக்கா வருவார். எந்த ஊருக்கு, என்ன கோயிலுக்கு என்பதெல்லாம் பெண்களுக்கு இரண்டாம் பட்சம். "அந்தக்கா வாராங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பெயர் கொடுப்பார்கள்.

கோயில் பயணத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாமிக்கு ஒரு கை எடுத்து வைப்பதற்கு முன்னால் சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது. அக்கா சட்டியின் மேல் குனிந்து ஆவியை ஒரு இழு இழுப்பார். "இன்னும் அரைக் கை உப்பு" என்பார். அவ்வளவுதான். உப்புக்கு ஏதக்கா வாசம் என்று நான் கேட்டதுண்டு. "வேகற பருப்பு சொல்லும் சாமி. கேக்கறதுக்கு மூக்கு வேணும்" என்பார். இப்படிப் பேசுகிறவர்களுக்காகவே நான் வேன் ஓட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கொரோனா வந்ததும் வேன் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. நான் முட்டை லோடு ஓட்டப் போனேன். முட்டைகள் பேசுவதில்லை, அதுதான் பெரிய கஷ்டம்.

எல்லாம் திறந்த பிறகும் யாரும் தூரம் போகத் துணியவில்லை. "ராத்திரி வெளியூர்ல தங்கறதெல்லாம் வேண்டாமுங்க. காத்தால போனா பொழுதோட ஊடு வந்து சேரோணும்" என்றார்கள். சரி, பக்கத்தில் இருக்கிற கொல்லிமலைக்கே போவோம் என்று முடிவு செய்தேன். டீக்கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பல்லு வெளக்கறப்போ பாக்கற மலைக்கு டூராங்க? அப்பறம் எங்கூட்டுக் கொல்லைக்கும் ஒரு டிரிப் போடுங்க!" என்றார். ஆனாலும் பதினாலு பெண்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் கேட்டது பழைய கேள்வியைத்தான். வருவார் என்று, அக்காவைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

அவர் வீட்டுக்குப் போனால், எங்கள் பெரிய சமையல் குண்டா வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள்ளே கோழிக்குஞ்சுகள் கத்தின.

"என்னக்கா, சோத்துக் குண்டாவக் கோழிக்குக் கொடுத்துட்டீங்க?"

"கோழிக்காவது ஆகட்டும். எனக்கு மூக்குச் செத்துப் போச்சு சாமி."

காய்ச்சல் வந்துபோன நாளிலிருந்து அவருக்கு வாசனையே தெரியவில்லையாம். பால் பொங்குவதும் தெரியவில்லை, கருகுவதும் தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. "மூக்கில்லாத சமையக்காரின்னு பேராயிருச்சுன்னா, அப்பறம் ஒருத்தரும் எங்கையில சோறு வாங்க மாட்டாங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கோழியைப் பார்த்தார்.

"நான் இருக்கறனுங்க. நீங்க கிண்டுங்க, நான் மோந்து சொல்றேன்" என்றேன்.

வாக்குக் கொடுத்த எனக்கு ஒன்று மறந்துபோனது. இருபது வருடமாக மூக்குப்பொடி போடுகிறவன் நான்.

கிளம்பிய அன்று வேனுக்குள் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் உட்காரவில்லை. ஆளுக்கொரு ஜன்னல், நடுவில் பை, முகத்தில் மாஸ்க். பழைய நாளில் முதல் வளைவிலேயே கும்மிப்பாட்டு தொடங்கிவிடும். இந்த முறை எழுபது வளைவும் சத்தமில்லாமல் ஏறி முடித்தோம். வெறும் வயிற்றோடு ஏறி, மேலே போய்ச் சாப்பிடுவதுதான் கொல்லிமலைக்கு எங்கள் வழக்கம். இல்லையென்றால் பாதி வளைவில் வேனைக் கழுவ வேண்டியிருக்கும்.

மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே அடுப்பு மூட்டினோம். அக்கா சின்னக் குண்டாவில் பொங்கல் வைத்தார். பெண்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கண்ணைக் காட்டியதும் நான் குனிந்து ஆவியை இழுத்தேன்.

"எப்படி?" என்றார் மெதுவாக.

"அருமைங்க."

எனக்குத் தெரிந்தது சூடு மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில், கடைசியில் உட்கார்ந்திருந்த தறிக்காரம்மா மாஸ்க்கை இறக்கிக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க! அடி புடிக்குது! அங்க ரெண்டு பேரும் நின்னுட்டு என்ன பண்றீங்க?"

அக்காவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "எனக்கு வாசம் தெரியறதில்லீங்க. இவரு மோந்து சொல்றேன்னாரு."

"யாரு, இவரா? பொடி டப்பா மூக்கா?"

பதினாலு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பை அணைக்கக் குனிந்தார். அப்போது தறிக்காரம்மா கிட்டே வந்து கரண்டியை வாங்கி, கருகிய அடியைத் தொடாமல் மேலாக அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றினார். "எனக்கும் ஆறு மாசம் போயிருந்துச்சுங்க. மல்லிப்பூவக் கண்ணுல பாத்துத்தான் வாங்குவேன். ஊட்டுல சொல்லலே" என்றார். "எனக்கும்" என்று இன்னொரு குரல். "எனக்குக் காப்பி இன்னைக்கும் சுடுதண்ணிதான்" என்று மூன்றாவது குரல்.

சாம்பார் பாக்கி இருந்தது. மூக்கு நன்றாக இருந்தவர்கள் சட்டியைச் சுற்றி வந்தார்கள். ஒருத்தர் உப்பு போதும் என்றார், ஒருத்தர் போதாது என்றார். "உம்மூக்கு உங்க மாமியா மூக்கு, எல்லாத்துலயும் குத்தம் புடிக்கும்" என்று ஒரு சண்டை. ஆவிக்காகக் கழற்றிய மாஸ்க்கை யாரும் திரும்பப் போட்டதாக எனக்கு நினைவில்லை. கடைசியில் அக்கா கையை உயர்த்தினார். "சத்தம் போடாதீங்க. பருப்பு கொதிக்கற சத்தத்தக் கேக்கோணும்." எல்லோரும் அடங்கினார்கள். அவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அரைக் கை உப்புப் போட்டார். சாமிக்கு எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டோம். பொங்கலில் லேசாகப் புகை வாசம் இருந்ததாம். எனக்குத் தெரியவில்லை. சாம்பார் பழைய சாம்பார்தான்.

இறங்கும்போது நடுவில் பைகள் இல்லை. அக்கா மட்டும் சின்னக் குண்டாவின் கருகிய அடியைச் சுரண்டிக்கொண்டே வந்தார். எருமப்பட்டியில் இறங்கியபோது அடுத்த டூருக்கு வருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் கழித்து அவர் வீட்டுப்பக்கம் போனேன். தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, இடம் தெரியாமல் வாசலில் அலைந்துகொண்டிருந்தது. அக்கா புளியும் சாம்பலும் போட்டுப் பெரிய குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு பேருக்கே சின்னது பத்தலே சாமி" என்றார், நிமிராமல். "அப்பறம், அந்தத் தறிக்காரம்மாவுக்கு முன்சீட்டப் போட்டு வையுங்க. நீங்க வண்டிய மட்டும் ஓட்டுங்க."