வால்வுக்குள் கேட்ட பேச்சு

வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாம்புக்காது. புத்தகங்களை ஆள் வைத்து வாசிக்கச் சொல்லி, ஒலிப்பதிவு செய்து விற்கும் ஸ்டுடியோ அது. பதிவானதை வரிவரியாகக் கேட்டு, எங்கே வாசிப்பவரின் உதடு ஒட்டியது, எங்கே நாற்காலி நகர்ந்தது, எங்கே பக்கம் புரண்டது என்று சொல்வது அவள் வேலை. ஒருமுறை, "இந்த இடத்துல வாசிக்கிறவருக்குப் பசி. வயிறு பேசுது" என்றாள். பொறியாளர் மறுபடி போட்டுக் கேட்டார். சிரித்துக்கொண்டே எல்லாரையும் சாப்பிட அனுப்பிவிட்டார்.

ஸ்டுடியோவை மூடியபோது, அவள் இத்தனை வருடம் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். காதை மொத்தமாக மூடிக்கொள்ளும் கனமான கறுப்பு ஹெட்போன். வீட்டுக்கு வந்து போனில் செருகிக் கேட்டால், குரலெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, போர்வை தடித்ததே தவிரக் குரல் வெளியே வரவில்லை.

கடைத்தெருவில் ஆடியோ சாமான் விற்பவரிடம் எடுத்துப் போனாள். அவர் அதைக் கையில் வாங்கியதுமே புருவத்தை உயர்த்தினார்.

"இது லேசுல மசியாதும்மா. அறுநூறு ஓம் ரெசிஸ்டன்ஸ். உங்க போனுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. வோல்டேஜை அள்ளிக் கொடுக்கற ஆம்ப்ளிஃபயர், ஒரு ஆம்ப் வேணும். பழைய ரேடியோவுல கண்ணாடி வால்வு எரியுமே, அந்த மாதிரி வால்வு ஆம்ப் போட்டுப் பாருங்களேன்."

கடையின் கல் மேசை மேல் இரண்டை எடுத்து வைத்தார். முதலாவது பளபளவென்று புதிதாக இருந்தது. அவள் வேலை பார்த்த ஒரு புத்தகப் பதிவையே போட்டுக் கேட்டாள்.

"வாசிக்கிறவருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

இரண்டாவது சாம்பல் நிறப் பெட்டி. மேலே கண்ணாடி வால்வுகள் மெல்லச் சிவந்தன. வாசிப்பவர் சட்டென்று எதிரில் வந்து உட்கார்ந்தார். நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிவதுகூடக் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போய் வீட்டுல வச்சுக் கேளுங்க" என்றார் கடைக்காரர். "கடையில நல்லா இருக்கறது வீட்டுலயும் நல்லா இருக்கும்னு சொல்ல முடியாது."

வீட்டில் அவளும் அக்காவும் மட்டும்தான். அத்தான் இறந்த பிறகு அக்கா பேச்சைச் சுருக்கிக்கொண்டவள். "சாப்பிடலாமா?", "கதவைச் சாத்திட்டியா?" இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. ஒரே பெரிய அறையைப் பலகைச் சுவரால் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் அக்காவின் கட்டில். இந்தப் பக்கம் அதே பலகைச் சுவரில் அடித்த அலமாரித் தட்டு. ஆம்பை அந்தத் தட்டில் வைத்தாள்.

சாயங்கால வெயில் ஜன்னலில் இருந்தது. சாம்பல் பெட்டியில் ஹெட்போனைச் செருகி உட்கார்ந்தாள். ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வரும் மௌனத்தில், வெண்கலக் குடத்துக்குள் வாய் வைத்துப் பேசியது போல, ஒரு குரல் கணகணத்தது.

"வந்துட்டீங்களா? இப்படி உக்காருங்க."

அந்தப் பதிவு அவளுக்கு மனப்பாடம். அதில் அப்படியொரு வரியே கிடையாது. ஹெட்போனைக் கழற்றித் தட்டில் வைத்தாள். வீடு கப்சிப்பென்று கிடந்தது. எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

மறுநாள் புது ஆம்பில் கேட்டாள். ஜலதோஷம் இருந்தது, குரல் இல்லை. சாம்பல் பெட்டிக்கு மாற்றினாள். மௌனம் வந்ததும், "அப்புறம்?" என்றது. எங்கேயோ கேட்டுப் பழகிய குரல்தான், ஆனால் யாருடையது என்று பிடிபடவில்லை. தன் காதுக்கே பிடிபடாத குரல் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குப் புதிது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினாள். கல் மேசை மேல் வைத்துக் கேட்டால், குரலும் இல்லை, ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஒரு பென்சிலால் வால்வைச் செல்லமாகத் தட்டினார். ஹெட்போனில் கோயில் மணி போல் அடித்தது.

"அதான் பார்த்தேன். சில வால்வு கொஞ்சம் தளர்ந்து போனா மைக் மாதிரி ஆயிடும்மா. ஆடுற பலகை மேல வச்சீங்கன்னா, பக்கத்துல யாராவது பேசறதெல்லாம் உள்ள வந்துடும். பேய் பிசாசெல்லாம் இல்ல. வேற வால்வு மாத்தித் தரட்டுமா?"

"நாளைக்கு வர்றேன்" என்றாள். அவளுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. குரல் யாருடையது என்றும் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எந்தப் பதிவையும் போடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியை மட்டும் கூட்டி வைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அவ மாட்டிக்கிட்டா" என்றது அக்காவின் குரல். "இனி இடி விழுந்தாலும் கேக்காது. சொல்லுங்க."

பிறகு அக்கா சிரித்தாள். அக்கா சிரித்துக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. சிரித்தாள், நிறுத்தினாள், "ம்" என்றாள், "அய்யய்யோ, அப்புறம்?" என்றாள்.

இடைவெளிகளை எடைபோட்டே காலம் தள்ளியவள் அவள். தனியாகப் பேசுகிறவர் விடும் இடைவெளி வெறுமையாக இருக்கும்; மூச்சு அதன்பாட்டுக்குப் போகும். அக்காவின் மூச்சோ நடுவில் நின்று நின்று போனது. சிரிப்பு, சொல் முடியும் முன்பே கிளம்பியது. அக்கா யார் பேச்சையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளிகளின் அடியில், அக்காவின் குரலைவிடத் தாழ்வாக, வால்வு அதிர்ந்தது. அதிர்வு ஏறியது, இறங்கியது, நின்று மறுபடி தொடங்கியது. சொற்கள் இல்லை. சொற்களின் நடை மட்டும் இருந்தது.

அதிர்வு சட்டென்று நின்றது.

"யாரு, அவளா?" என்றாள் அக்கா. "கேக்குறாளா?"

அதன் பிறகு ஒன்றுமே இல்லை. விளக்குப் போடும் வரை ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடும்போது கேட்டே விட்டாள். "அக்கா, யாரோட பேசுற?"

அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் அத்தானோடதான்."

"அத்தான் போயிட்டாருக்கா."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே பக்கத்துல இருந்தேன்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "நீ வேலைக்குப் போய்ட்டிருந்தப்ப பகலெல்லாம் இங்கதான் இருப்பாரு. ஸ்டுடியோவை மூடுனாங்க, நீ வீட்டோட வந்துட்டே. பாவம், அவருக்கு உக்கார இடமில்ல. இப்ப நீ அதைக் காதுல மாட்டிக்கிட்டா, வீட்டுல ஒரு ஆள் இல்லாத மாதிரிதானே? அந்த நேரத்துக்கு வர்றாரு."

"நான் கேட்டது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கெங்க தெரியும்? அவருதான் சொன்னாரு."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அக்கா மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தாள்.

மறுநாள் கடையில், தன் ஹெட்போனுக்குச் சாம்பல் பெட்டிதான் பொருத்தம் என்று சொல்லிவிட்டாள். வால்வை மட்டும் மாற்றச் சொன்னாள். கடைக்காரர் புதியதைச் செருகிப் பென்சிலால் தட்டிக் காட்டினார். சத்தமே இல்லை.

"பழசை வச்சுக்கறீங்களா?"

"வேண்டாங்க" என்று அவசரமாகச் சொன்னாள். அவர் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம், அக்காவின் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். வாசிக்கும் குரலைத் தவிர எதுவும் கேட்பதில்லை. அக்காவுக்கு முகம் தெளிந்தது. சாப்பாட்டு நேரத்தில், "உன் சமையலை அவரு என்ன சொன்னாரு தெரியுமா?" என்று கேலிகூடச் செய்தாள். இவளும் சிரித்து வைப்பாள். பதிவு முடிந்த பிறகும் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டாள். கழற்றும் முன் பலமாக ஒருமுறை தொண்டையைச் செருமுவாள், பிறர் அறைக்குள் நுழையும் முன் செய்வது போல.

ஹெட்போனைக் கழற்றியதும், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் முனகும், யாரோ எழுந்துகொள்வது போல. சில நாட்களில் அந்த நேரம் அக்கா சமையலறையில் இருப்பாள்.