பொண்ணு வந்துகினு இருக்குது

என் கல்யாணத்தன்று காலையில் பாதி பின்னிய சடையோடும் காதில் ஃபோனோடும் ஒரு பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு சிக்னல் கிடைப்பது பள்ளி விடுதிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பாறையில்தான். அப்பா விடுதிச் சமையல்காரர். விடிய விடியப் பெய்த மழையில், கீழே இறங்கும் சாலையின் ஒரு வளைவு முழுக்க மண் சரிந்து கிடந்தது. எங்களை ஏற்றிக்கொள்ள வந்த வேன் சரிவுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கல்யாணமோ வடக்கனந்தல் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபையில், காலை பத்து மணிக்கு.

அப்பா முதலில் கூப்பிட்டது பாஸ்டரம்மாவைத்தான். எங்கள் போதகரின் மனைவி. அவரை நினைத்தாலே முதலில் குரல்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் சபையில் படிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். பலரிடம் இருந்தது பட்டன் ஃபோன். அதனால் அவர் பிடிவாதமாக நின்று சபைக்கென்று ஒரு ஃபோன் எண்ணை ஏற்பாடு செய்யவைத்தார். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அது நம்மைத் திரும்பக் கூப்பிட்டு அன்றைய செய்தியை அவர் குரலில் சொல்லும். ஆராதனை எத்தனை மணிக்கு, யார் ஆஸ்பத்திரியில், யாருக்கு ரத்தம் வேண்டும், அடக்கம் எங்கே. அவசரமென்றால் அந்த எண்ணே சபையார் எல்லாரையும் கூப்பிடும். அவர் பேசும்போது பின்னால் குக்கர் விசில் அடிக்கும், கோழி கத்தும். கேட்டால், “வூட்டுல பேசற மாதிரிதான் பேசுவன். மைக்குல பேசற மாதிரி பேசுனா யாரு கேப்பாங்க?” என்பார். மழைக்காலங்களில் மலையில் எங்களுக்கு அதுதான் சபை.

அப்பா பேசி முடித்து ஃபோனை என்னிடம் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் தங்கை கூப்பிட்டாள். களமருதூரிலிருந்து அவர்கள் எல்லாரும் சபைக்கு வந்து இறங்கியிருந்தார்கள்.

“அண்ணி, பெரியப்பா ஒரே சத்தம் போடறாருங்க. ஆரம்பமே தடங்கலா இருக்குது, வண்டியத் திருப்புன்றாரு. எப்ப வருவீங்க?”

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு மலையில் பெண் எடுப்பது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அந்த வீட்டில் அவர் சொல்லை யாரும் தட்டியதும் கிடையாது. “வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்தேன். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விரல் தானாகவே சபை எண்ணை அழுத்தியது. ஒரு முறை மணி அடித்து நின்றது. உடனே அழைப்பு திரும்ப வந்தது.

“ஸ்தோத்திரம். நான் பாஸ்டரம்மா பேசறன். கல்யாணம் நிக்கலைங்க, நேரந்தான் தள்ளிப்போவுது. மலையில மண்ணு சரிஞ்சிடுச்சி. பொண்ணு கெளம்பிடுச்சி, வந்துகினு இருக்குது. யாரும் திரும்பிப் போயிடாதீங்க. டிராக்டர், மம்முட்டி வச்சிருக்கறவங்க அடிவாரத்துக்குப் போங்க.”

நான் இன்னும் சடையைக்கூட முடிக்கவில்லை. கீழே அத்தனை வீடுகளிலும் நான் கிளம்பி வந்துகொண்டிருந்தேன்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாறையிலிருந்து குதித்து ஓடினேன். “அப்பா, நான் கெளம்பிட்டனாம்! ஃபோன்ல சொல்லிட்டாங்க, வா போலாம்!”

பட்டுப்புடவையை உரச்சாக்கில் சுற்றி அப்பா தலையில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் சபை இல்லை, அவர்கள் சாமியும் வேறு. ஆனாலும் அவர்கள் மம்முட்டியோடு முன்னால் நடந்து எனக்குக் கால் வைக்க இடம் வெட்டிக்கொண்டே போனார்கள். சரிவின் நடுவில் முழங்கால்வரை புதைந்து நின்றபோது எதிர்ப்பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. சபை ஆட்கள் கீழேயிருந்து பலகை போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், குடையோடு, சேறு படிந்த புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பாஸ்டரம்மா. “நான் பொய் சொல்லிட்டனோன்னு பயந்துகினே வந்தன். நல்ல வேளை, நீ வந்துட்ட” என்று என்னைக் கட்டிக்கொண்டார். டிராக்டர் டிரெய்லரில் நின்றபடி சபை வந்து சேர்ந்தேன்.

வாசலில் பார்த்த கூட்டத்தை என்னால் நம்ப முடியவில்லை. பாதிப் பேருக்கு நாங்கள் பத்திரிகையே வைக்கவில்லை. கருணாபுரத்திலிருந்துகூட, பெண் வந்து சேர்ந்தாளா என்று பார்க்க பஸ் ஏறி வந்திருந்தார்கள். “ஃபோன்ல சொன்ன பொண்ணு நீதானா?” என்று யார் யாரோ என் கன்னத்தைத் தொட்டார்கள். பெரியப்பாவின் வண்டியைத் திருப்ப அங்கே இடமே இருந்திருக்காது. வந்தவர்களெல்லாம் அவரிடம் “பொண்ணு எங்க வருதுங்க?” என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாராம். நான் இறங்கியதும் கூட்டத்தை விலக்கிய குரல் அவருடையதுதான். “வழி வுடுங்கப்பா, எங்க வூட்டுப் பொண்ணு வருது!”

பாஸ்டருக்கு மாற்றலாகி அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்த எண்ணில் வேறொருவர் பேசுகிறார், தெளிவாக, குக்கர் சத்தம் இல்லாமல். நல்ல குரல்தான். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மத்தியானம்தான் நினைவுக்கு வருகிறது.

அன்று தாலி கட்டி முடிந்ததும் பாஸ்டரம்மா என்னை ஓரமாக இழுத்துப்போய்த் தன் ஃபோனை நீட்டினார். “எல்லாரும் கேட்டுகினே இருக்கறாங்க. இத நான் சொல்லக் கூடாது, நீயே சொல்லு.” ஃபோனை வாங்கி, சபை எண்ணில் போக வேண்டியதைப் பேசிப் பதிந்தேன். கொஞ்ச நேரத்தில் பந்தலெங்கும் ஃபோன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. சட்டைப் பைகளிலிருந்தும் முந்தானை முடிச்சுகளிலிருந்தும் என் குரலே கேட்டது: “நான்தாங்க பொண்ணு. வந்துட்டேன்.”