ஐந்து நிமிடக் கப்பலின் கரிக்காரர்

கெட்டிக்காரத்தனத்தாலேயே கெட்டுப்போன மனிதர் ஒருவரைக் காட்டு என்றால், கீல் துறைமுகத்தில் நான் டெட்லெஃப் ரோவெடரைத்தான் காட்டுவேன். அவரோடு கடற்படையில் சேர்ந்த சோம்பேறிகள் எல்லாம் பதவி உயர்ந்து போனார்கள். அவர் மட்டும் ‘அன்ஹால்ட்’ என்ற போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் கிடந்து வெந்தார்.

அந்தக் கப்பலின் லட்சணத்தைச் சொல்லாமல் இவர் கதையைச் சொல்ல முடியாது. கீல் கால்வாயின் மதகுக்குள் நுழைய வேண்டுமே என்று அதன் அகலத்தையும் எடையையும் குறுக்கிக் குறுக்கி வரைந்தார்கள். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டிய கதைதான். பெரிய பீரங்கி நான்கே நான்கு. பக்கவாட்டுப் பீரங்கிகளைத் தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்திருந்தார்கள். கொஞ்சம் காற்றடித்தாலும் பீரங்கிக்காரர்கள் தொப்பலாக நனைந்து நின்றார்கள். இதற்குப் பெயிண்ட் காய்வதற்குள் ஆங்கிலேயர்கள் பத்துப் பெரிய பீரங்கியும் டர்பைன் என்ஜினும் வைத்த கப்பலை மிதக்கவிட்டுவிட்டார்கள். ஆக, அன்ஹால்ட் பிறக்கும்போதே கிழவி. மாலுமிகள் அதை ‘ஐந்து நிமிடக் கப்பல்’ என்றார்கள். புதுக் கப்பலோடு மோதினால் அவ்வளவு நேரம்தான் தாங்குமாம்.

டெட்லெஃபுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மெஷினிஸ்ட், அதாவது என்ஜின் அறை அதிகாரி, ஆக வேண்டும். மெஷினிஸ்ட் என்றால் தனி அறை, இடுப்பில் வாள், தெருவில் சல்யூட். அதற்கு டர்பைன் தெரிந்திருக்க வேண்டும். டர்பைன் இருந்ததோ புதுக் கப்பல்களில். எனவே ஆண்டுதோறும் மாற்றல் கேட்டார். ஆண்டுதோறும் கேப்டன் மறுத்தார்.

காரணம் கரி. அன்ஹால்ட்டின் கரிக்கிடங்குகள் கப்பலின் விலாவை ஒட்டிக் குறுகலாக நீண்டிருந்தன. குண்டு வந்தால் கரியே ஒரு கவசமாகத் தடுக்கும் என்ற யோசனை. வரைந்தவர் உள்ளே தவழ்ந்து பார்த்ததில்லை போலும். கிடங்கின் வாயில் கொட்டும் கரி அந்த வாயிலேயே அடைத்துக்கொள்ளும். எந்தக் கிடங்கை முதலில் திறப்பது, யாரை எந்த மூலைக்கு அனுப்பி வாரிப் பரப்பச் சொல்வது என்ற வித்தை டெட்லெஃபுக்குக் கைவந்திருந்தது. கரி ஏற்றும் நாள் எங்கள் படையில் ஒரு பந்தயம். பேண்டு வாத்தியம் முழங்கும், அதிகாரிகளும் சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டி பிடிப்பார்கள், மணிக்கு எத்தனை டன் என்று கொடியேற்றிக் காட்டுவார்கள். பீரங்கியில் ஒருநாளும் ஜெயிக்காத அன்ஹால்ட் இந்த ஒன்றில்தான் ஜெயித்தது. ஜெயிக்க வைத்தவரை எந்தக் கேப்டன் விடுவார்?

உலகப் போருக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் மனைவி மேட்டாதான் வழி சொன்னாள். வீட்டில் புகையில் வாட்டிய மீனை உரித்துக்கொண்டே சொன்னாள்.

“ஏன்யா, நீ நல்லா கரி ஏத்துறதாலதானே அந்த ஆளு உன்னை விடமாட்டேங்கிறான்? ஒரு தடவை மோசமா ஏத்தித் தொலையேன்.”

“தோத்துப் போகச் சொல்றியா?”

“ஆமா. தோத்துட்டு வா. ஒரு நாள் தலை குனிஞ்சா ஆயுசுக்கும் நிமிந்து நடக்கலாம்.”

“சரி. உன்மேல சத்தியமா தோத்துட்டு வர்றேன்.”

பந்தய நாளில் டெட்லெஃப் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். தவறான கிடங்கை முதலில் திறக்கச் சொன்னார். ஆட்களை ஒரே மூலையில் குவித்தார். கரி வாயிலேயே அடைத்துக்கொண்டது. பகல் சாப்பாட்டுக்குப் பட்டாணிச் சூப் வந்தபோது அன்ஹால்ட் நன்றாகப் பின்தங்கியிருந்தது. அவர் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான சூப்பை அவர் குடித்ததில்லை.

சூப் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்துக் கப்பலிலிருந்து ஒருவன் கத்தினான். அது புத்தம் புதியது, டர்பைன் கப்பல்.

“ஏய் கிழவி! மூச்சு வாங்குதா? கைத்தடி வேணும்னா சொல்லு, எறியுறோம்!”

“அஞ்சு நிமிசம் ஆச்சு, இன்னும் முழுகலையா?” என்றான் இன்னொருவன். அந்தக் கப்பலே சிரித்தது.

அன்ஹால்ட்டின் ஸ்டோக்கர்கள், கொதிகலனுக்குக் கரி தள்ளுபவர்கள், தலையைத் தொங்கப்போட்டார்கள். டெட்லெஃபின் நண்பன் கர்ஸ்டென், அந்தத் தடியன், கண் கலங்கி நின்றான். “நமக்குன்னு இருந்தது இது ஒண்ணுதானேடா” என்றான்.

அவ்வளவுதான். மனைவிமேல் செய்த சத்தியம் காற்றில் போனது. டெட்லெஃப் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நடுக்கிடங்குக்குள் தானே தவழ்ந்து இறங்கினார். உள்ளிருந்து அவர் போட்ட கூச்சலில் பேண்டுச் சத்தமே அமுங்கிப்போனது. சாயங்காலம் கொடி ஏறியபோது அன்ஹால்ட் ஜெயித்ததோடு நிற்கவில்லை, பழைய கணக்கையெல்லாம் முறியடித்திருந்தது. கேப்டன் கரி படிந்த அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரோவெடர், நான் இந்தக் கப்பல்ல இருக்கிற வரைக்கும் உங்களை யாருக்கும் தரமாட்டேன்!”

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது. அன்றிரவு மேட்டா முதுகு தேய்க்க வெந்நீர் மட்டும் வைத்தாள், அதையும் தொம்மென்று வைத்தாள்.

அப்புறம் போர் வந்தது. வடகடலின் பெரிய சண்டைக்குக் கிழட்டுக் கப்பல்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அவற்றின் வேகத்துக்காக மொத்தப் படையும் மெதுவாகப் போக வேண்டியிருந்தது, எல்லோரும் திட்டினார்கள். கீழே கரி வாரியவருக்குச் சண்டை வெறும் அதிர்வாகத்தான் தெரிந்தது. அடுத்த ஆண்டு பீரங்கிகளைக் கழற்றித் தரைப்படைக்குக் கொடுத்துவிட்டு அன்ஹால்ட்டைத் துறையில் கட்டிப் போட்டார்கள். புதுக் கப்பல்காரர்கள் கரையில் தங்குவதற்கு அது விடுதியாயிற்று. ஒரே ஒரு கொதிகலன் மட்டும் எரிந்தது. எதற்கு? டர்பைன்காரர்கள் குளிக்க வெந்நீர் போட. போட்டவர் டெட்லெஃப்.

“என்ன பெரியவரே, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு?” என்று மீசை முளைக்காதவன் எல்லாம் கேட்டான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கரியைத் தள்ளினார். அந்தப் பையன்களில் சிலர் மெஷினிஸ்டாகவே ஆகிவிட்டார்கள்.

போரில் தோற்றோம். புதுக் கப்பல்களையெல்லாம் எதிரி பிடித்துக்கொண்டு போனான்; அவனிடம் கிடைக்கக்கூடாதென்று எங்கள் ஆட்களே அவற்றை ஸ்காட்லாந்துத் தண்ணீரில் மூழ்கடித்தார்கள். டெட்லெஃப் வேலை இல்லாமல் வீட்டில் முடங்கினார். அப்புறம் சமாதான ஒப்பந்தம் வந்தது. ஓட்டை உடைசல் கப்பல்களை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஜெயித்தவர்கள் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள்.

ஒருநாள் கடற்படை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி எழுந்தே நின்றார்.

“பழைய என்ஜினும் கரியும் தெரிஞ்ச ஆளே கிடைக்கலை, ரோவெடர். இத்தனை வருசம் உங்களை மெஷினிஸ்ட் ஆக்காம விட்டது பெரிய தப்பு. இன்னையிலிருந்து நீங்க மெஷினிஸ்ட்.”

டெட்லெஃபே ஞாபகப்படுத்தினார்: “டர்பைன் தெரியாதே, ஐயா.”

“டர்பைன் எல்லாம் கடலுக்கடியில கிடக்கு. இனிமே அது யாருக்கு வேணும்?”

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார். மேட்டா ஈரக்கையோடு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். வாளை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று கேட்டாள். பிறகு சட்டென்று கையை எடுத்தாள்.

“எந்தக் கப்பல்ல?”

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

“யோவ், உன்னைத்தான் கேக்கிறேன். எந்தக் கப்பல்ல?”