அம்மிக்கு வந்த வேலை

சனிக்கிழமையானால் ஒரு வாரத்துக்கு வேண்டிய மிளகாய், தேங்காய்க் கறிக்கூட்டைக் கிரைண்டரில் அரைத்து, சின்னப் பெட்டிகளில் அடைத்து பிரிட்ஜில் உறைய வைப்பேன். காலையில் படிப்பிக்க ஓடுகிறவள் நான். வேறு எப்படி ஆக்குவது? மாமி தந்த அம்மியில் அரைத்ததென்று நினைத்து, என் புருஷன் மாதக்கணக்காகச் சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தை விரல் சூப்பிச் சாப்பிட்டார். அந்த நாக்குக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்டவர், ஐஸ் தண்ணி எடுக்கப் போய்ப் பெட்டிகளைக் கண்டுவிட்டார்.

"பழசையா எனக்குத் தின்னத் தந்தாய்?"

பெட்டிகளைச் சுவரில் அடித்து நொறுக்கினார். ஆணச் சட்டியை உதைத்தார். தடுக்கப் போன எனக்குக் கன்னத்தில் விழுந்த அடியில் காது இரைந்தது.

"என்ட உம்மா காலமெல்லாம் அம்மியிலதான் அரைச்சா!"

நான் குழவியைக் கையில் எடுத்தேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான்.

"இது என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு. உங்கட உம்மா தந்தது இந்த அம்மி மட்டும்தான். தூக்கிட்டு வெளியே போங்க. இல்லாட்டி மண்டையப் பிளப்பன்."

வெறுங்கையோடு போனார். கதவைச் சாத்தி, அம்மியை இழுத்து முட்டுக் கொடுத்தேன். என் வீட்டில் அது செய்த முதல் வேலை அதுதான்.