மணல்திட்டில் வளர்த்த ராணிகள்

ஐம்பதுகளில் தேனீ ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். கோடையில் பூ வற்றினால் எங்கள் கூட்டங்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். ஒரே ஒரு கூட்டம் மட்டும் எந்தக் கோடையிலும் ஓடவில்லை. அந்தக் குணத்தை வம்சமாக்க முடியுமா என்று பார்க்கச் சொன்னார் அதிகாரி.

ராணி ஈ ஆகாயத்தில் பறந்துதான் ஆண் ஈக்களோடு கூடும். பனைப் பொந்துகளிலெல்லாம் காட்டுத் தேனீ குடியிருக்கும் எங்கள் பக்கத்தில் எந்த ஆணோடு கூடுகிறது என்பதைக் கட்டுப்படுத்த வழியில்லை. அதனால் அந்தக் கூட்டத்தில் பிறந்த இளம் ராணிகளையும் அதே கூட்டத்து ஆண் ஈக்களையும் ரயிலேற்றி, பொந்துள்ள மரம் ஒன்றுகூட இல்லாத தனுஷ்கோடி மணலுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவியும் வந்தாள். அவள் என் தாய்மாமன் மகள். அவளைப் பெற்றவள் என் அய்யாவின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள் எங்களுடையவை. எங்கள் முதல் பையன் தலை நிற்கும் முன்பே போய்விட்டான். அடுத்தவள் படுத்த படுக்கையாகவே கிடந்து, அந்தத் தை மாதம் கண்ணை மூடினாள்.

"வீட்டுக்குள்ள இருக்க முடியல மச்சான். நானும் வாரேன்" என்றாள்.

ஒரு மீனவக் குடும்பம் தங்கள் குடிசைக்குப் பின்னால் பெட்டிகளை வைக்க இடம் கொடுத்தது. முதல் நாளே அந்த வீட்டம்மா கேட்டார்: "புள்ளக இல்லையா தாயி?"

"ரெண்டு இருந்துச்சுக்கா."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த அவர், "ஒன் புள்ளகளுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அங்கே பூ கிடையாது. சீனிப்பாகு வைத்தோம். காற்றில் பல ஈக்கள் கடலுக்குள் போய் விழுந்தன. ஒரு ராணி பறந்துபோய்த் திரும்பவேயில்லை. இன்னொன்று பின்புறத்தில் வெள்ளை இழை ஒட்டியிருக்கத் திரும்பியது. கூடிவிட்டு வந்ததற்கு அதுதான் அடையாளம். என் மனைவிதான் முதலில் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

ராணி முட்டையிட்டது. சில நாள் கழித்து அடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே எடுத்தபோது, புழுக்களுக்கு இடையிடையே வெற்று அறைகள் கிடந்தன.

"நடுவுல நடுவுல ஏன் காலியா இருக்கு? முட்ட எல்லாத்துலயும்தான இருந்துச்சு?"

"பாகு பத்தல" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளதைச் சொன்னேன். கூடப்பிறந்த ஆண் ஈக்களோடு ராணி கூடினால் சில முட்டைகள் சரியாக உருவாகாது. அவற்றிலிருந்து வரும் புழுக்களை வேலைக்கார ஈக்களே தின்றுவிடும்.

"எல்லாம் ஒரே ரத்தங்கிறதாலயா?"

"ஆமா."

"அப்ப நம்ம புள்ளக?"

"ஈக்குச் சொன்னது மனுசனுக்குப் பொருந்தாதுத்தா. மாமன் மகளக் கட்டி நல்லாப் பெத்தவுக ஊர்ல எத்தன பேரு."

"பொருந்தாதுன்னு ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமா மச்சான்?"

தெரியாது என்றேன்.

அவள் ஓர் ஈயும் நசுங்காமல் சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கினாள். "என் தங்கச்சிக்கும் ஒங்க தம்பிக்கும் வைகாசியில பரிசம் போடப் போறாக" என்றாள். மறுநாள் பெட்டிகளை அந்த வீட்டம்மாவின் பொறுப்பில் விட்டுவிட்டு இருவரும் ஊருக்குக் கிளம்பினோம்.

ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம் எங்கள் ஊர். மாமா களத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். என் அம்மாவும் அங்கே இருந்தாள்.

"இந்தக் கல்யாணம் வேணாம்யா" என்றாள் என் மனைவி. காரணத்தையும் சொன்னாள்.

மாமாவுக்குக் குரல் உயர்ந்தது. "ஈயப் பாத்துட்டு வந்து ஒறவ முறிக்கச் சொல்றியா?"

"ஈயப் பாத்து மட்டும் சொல்லலய்யா. ரெண்டத் தூக்கிக் குழியில வச்சுட்டுச் சொல்றேன்."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன மாப்ள சொல்ற?"

"எனக்கும் வேணாம்னுதான் படுது மாமா" என்றேன். என் அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள்.

பரிசம் நின்றது. கொழுந்தியாளைச் சாயல்குடிப் பக்கம் அந்நியத்தில் கொடுத்தார்கள். தம்பி கமுதிக்குப் போய்ப் பருத்தி வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். எங்களோடு பேசுவதையே அவன் நிறுத்திவிட்டான். மணல்திட்டில் உண்டான கூட்டம் பலம் பிடிக்கவேயில்லை. அந்த முயற்சியை அதிகாரி கைவிட்டார். நாங்கள் இருவரும் பேசி, இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அறுபதுகளில் அம்மா நோயில் விழுந்தாள். கடைசிவரை பார்த்துக்கொண்டவள் என் மனைவிதான். அம்மா அவள் கையால் கஞ்சி குடித்தாள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. காரியத்துக்கு வந்த தம்பி, எல்லோரும் போன பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"நீங்க செஞ்சது சரியா தப்பான்னு எனக்கு இன்னமும் தெரியல மதினி."

"எனக்குந்தான் தெரியல தம்பி" என்றாள் அவள். "உக்காருங்க, சாப்பிடாம இருக்கீக." அவன் உட்கார்ந்தான். அவள் இலையைப் போட்டாள்.