அச்சுக்குப் போகாத பக்கம்

செய்தி வந்தபோது பிற்பகல் இரண்டு மணி பதினேழு நிமிடம். நல்லூரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில், திரையின் மூலையில் அந்த எண்கள் இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து மைத்துனன் ஜெயன் தொலைபேசி எடுத்தான்.

"அத்தான், அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா."

"சரி, வாறன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த நிரலைச் சேமித்தேன். கணினியை ஒழுங்காக மூடினேன். பிறகுதான் எழுந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்தக் கல்வெட்டை, இந்த நினைவுப் புத்தகத்தை, கையில் வாங்கியிருக்கிற உங்களுக்கு என் மனைவி சுகந்தியைத் தெரியும். பருத்தித்துறையில் தமிழ் படிப்பித்த ரீச்சர். அவள் கணினித் திரையில் வாசிக்கிற மீயுரை பற்றி ஆராய்ச்சி செய்தாள் என்பதும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அது என்னவென்று பெண் பார்க்கப் போன அன்றே நான் கேட்டேன். "புத்தகத்திலை எழுதினவர் முன்னாலை நடப்பார், வாசிக்கிறவர் பின்னாலை போவார். இதிலை சந்திக்குச் சந்தி வாசிக்கிறவரைத்தான் கேக்கும், எந்தப் பக்கம் போறியள் எண்டு" என்றாள். தேநீர் ஆறிவிட்டது.

ஆராய்ச்சியோடு நிற்காமல் தானும் ஒன்று எழுதினாள். அவளுடைய தாயின் தம்பி கதிர் மாமாவைப் பற்றியது. கதிர் மாமா ஒரு நாள் வள்ளத்தில் கடலுக்குப் போனார், திரும்பி வரவில்லை. அது ஊருக்குத் தெரியும். சின்னச் சின்னப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் ஓரிரு சொற்கள். ஒரு சொல்லைத் தட்டினால் வேறொரு பக்கம் திறக்கும். நிரல் என்னுடையது. வாசிப்பவர் எத்தனை பக்கம் முடித்தார் என்று மேலே காட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "வாசிக்காமல் விடுறதும் வாசிப்புத்தான்." ஆராய்ச்சிக் கட்டுரையில் வருகிற வரி என்று நினைத்துக்கொண்டு எண்ணிக்கையைப் போடாமல் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் தாய் தகப்பனுக்கு, என் மாமா மாமிக்கு, வாசிக்கக் கொடுத்தாள். மத்தியானம் சமையலுக்கு நடுவே குசினியில் சண்டை.

"உவள் என்ரை மச்சானைக் கள்ளுக் குடிகாரன் எண்டு எழுதி வைச்சிருக்கிறாள்" என்றார் மாமா.

"எங்கை? அவன் கூழ் குடிச்சதுதான் இருக்குது."

"நான் என்ரை கண்ணாலை வாசிச்சனான்."

"உங்களுக்கு எங்கை போனாலும் கள்ளுத்தான் கண்ணிலை படும்."

சுகந்தி சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேரும் சரி. அப்பா போன வழி வேறை, அம்மா போன வழி வேறை."

கதிர் மாமா கடலுக்கு இறங்குகிற பக்கத்தில் இரண்டு நீலச் சொற்கள் உண்டு. ஒன்று 'அடுப்பு', மற்றது 'மறுநாள்'. மாமி எப்போதும் அடுப்பைத்தான் தட்டுவார். அது கதிர் மாமாவுக்காக மூடி வைத்த சோற்றுக்குப் போகும். மாமியின் சமையலை அவர் நக்கலடித்ததற்குப் போகும். இணுவிலில் காவடி பார்க்கப் போய்ச் செருப்பைத் தொலைத்ததற்குப் போகும். சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே கரைக்கு வந்துவிடும். மாமி மறுபடியும் அடுப்பைத் தட்டுவார். நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தேன்.

"மாமி ஒரே வட்டத்துக்குள்ளை நிக்கிறா. அந்த வழியை வெட்டி விடட்டோ?"

"தொட்டுப் பாருங்கோ, இரவைக்குச் சோறில்லை" என்றாள் சுகந்தி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மா விரும்பித்தான் சுத்துறா. அவவுக்காகத்தான் அந்த வழியைப் போட்டனான்."

இந்தக் கல்வெட்டில் அக்காவின் எழுத்து முழுவதும் வரவேண்டும் என்று ஜெயன் சொன்னான். அச்சகத்தில் பக்க ஒழுங்கு கேட்டார்கள். எப்படி அடுக்கினாலும் 'மறுநாள்' எங்கோ ஓரிடத்தில் வந்தது. மாமியிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பக்கமும் போடுவம் எண்டு ஜெயன் சொல்லுறான், மாமி."

"மறுநாளும் வருமோ?"

"ஓம்."

சுளகு நின்றது. "அதிலை என்ன இருக்குதெண்டு எனக்குத் தெரியாதோ தம்பி? கரையிலை நிண்டவள் நான். தட்டாமல் விட அந்தப் பிள்ளை எனக்கொரு வழி தந்தவள். புத்தகமெண்டால் தாளைத் திருப்பின உடனை முன்னாலை வந்து நிக்குமெல்லே."

ஜெயனிடம் சொன்னேன். "அப்ப இது அரைக்கதை, அத்தான். அக்கா எழுதினதை நாங்களே மறைக்கிறம்" என்றான். அவன் சொன்னதும் பிழையில்லை. இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தான்.

இதில் நீங்கள் வாசிக்கப்போவது மாமி நடந்த வழி. கடலுக்கு இறங்குகிற பக்கத்தின் அடியில் ஜெயனின் வரி இருக்கிறது: 'இங்கே இன்னொரு வழி உண்டு.' அங்கே என்ன இருக்கிறது என்று நான் இதிலும் எழுதவில்லை, மாமி இதையும் வாசிப்பார். தெரிய வேண்டியவர்கள் வீட்டுக்கு வரலாம். சுகந்தியின் கணினியில் திறந்து தருவேன்.

கோப்புகளை அச்சுக்காகத் திரட்டியபோது புதிய பக்கம் ஒன்றைக் கண்டேன். கோப்பின் திகதிப்படி, ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில் எழுதியிருக்கிறாள். கதையிலிருந்து அதற்கு வழி கிடையாது. என் கைத்தொலைபேசிக்கு மட்டும் ஓர் இணைப்பு அனுப்பியிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அதில் நீல நிறத்தில் ஒரே ஒரு சொல், என் பெயர். நான் தட்டவில்லை. தட்டாமலே அந்தப் பக்கத்தைப் பார்க்கிற வழி எனக்குத் தெரியும், ஒரு கட்டளை போதும். அதையும் செய்யவில்லை.

அவளுடைய புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். சேலைகளை மாமி எடுத்து வைத்திருக்கிறார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பக்கம் மட்டும். அது எத்தனை வரி என்றுகூட எனக்குத் தெரியாது. கை தவறித் தட்டிவிடாதபடி கைத்தொலைபேசியை நிறுத்தி வைத்திருக்கிறேன்.