ஊசி போட்டால்தான் கல்

கடிபட்டு வருகிறவரை ரேணுகாம்பாள் உட்காரச் சொல்வதில்லை. நேரே குழாயடிக்கு இழுத்துப் போய், துணி சோப்பை நுரைக்க நுரைக்கத் தேய்த்துக் காயத்தைக் கழுவுகிறார். "எரியுதும்மா" என்று கத்தினால், "எரியட்டும்பா, காலை நீட்டு" என்கிறார்.

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகளின் ஊடைநூலைச் சின்னக் குச்சிகளில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பத்தைந்து வயதிருக்கும். ராட்டை சுற்றிச் சுற்றி வலது தோள் சற்றே உயர்ந்துவிட்டது. பேசும்போதும் கண் நூலில்தான். ஆனால் சுற்றுவட்டாரத்துக்கு அவரைத் தெரிவது விஷக்கல்லால். மாமனார் வழியில் வந்த கல். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியது, கறுத்து வழவழவென்று இருக்கும். காயத்தின் ஈரத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். விஷத்தை உறிஞ்சி முடித்ததும் தானாக விழும், பாலில் போட்டால் கக்கிவிடும் என்பது நம்பிக்கை. பாம்பு, தேள், வெறிநாய் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், அறுபத்து மூன்றில், அவருடைய தம்பி பழனியை வெறிநாய் கடித்தது. அக்காவே கல்லை வைத்தார். ஒட்டியது, விழுந்தது, பாலும் திரிந்தது. நாற்பதாம் நாள் பழனி தண்ணீர்ச் செம்பைக் கண்டு அலறினான். இரண்டே நாளில் போய்விட்டான்.

"ஆஸ்பத்திரி வேணாம்னு சொன்னது நான்தான்" என்பதை ரேணுகாம்பாள் யாரிடமும் மறைப்பதில்லை. கல்லை எறிந்துவிடத்தான் நினைத்தாராம். எறிந்தால் கடிபட்டவர்கள் வேறொரு கல்லைத் தேடிப் போவார்களே என்று வைத்துக்கொண்டு, தானாக ஒரு சட்டம் போட்டார்: "ஊசி போட்ட ஒடம்புலதான் இந்தக் கல்லு வேலை செய்யும். ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டு, வைக்கிறேன்." பாம்புக்கடி என்றால் சீட்டுக்கும் காத்திருப்பதில்லை, நேரே ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றித் தானும் கூட ஏறிக்கொள்கிறார்.

போன ஆடியில் முசரவாக்கத்து விவசாயி கலியன் வந்தார். கெண்டைக்காலில் நாயின் பல் ஆழப் பதிந்திருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றதும் அந்த ஆறடி மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்க அப்பனுக்குப் பாம்பு கடிச்சப்போ உங்க மாமனாரு இதே கல்லைத்தானே வச்சாரு? பொழைச்சாரேம்மா!"

"விஷமில்லாத பாம்பு இருக்குதுபா. விஷமில்லாத வெறிநாய் இருக்குதா?"

காலையில் ஊசி, பிறகு கல் என்று ஒன்பது நாள் போயிற்று. பத்தாம் நாள் கலியன் வரவில்லை. மதியம் வரை பார்த்த ரேணுகாம்பாள், வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கலியன் வயலில் நாற்றுக்கட்டு வீசிக்கொண்டிருந்தார். "வயிறெல்லாம் வீங்கிக்கினு இருக்குதும்மா. காயமும் ஆறிப்போச்சு. இதோட போதும்."

ரேணுகாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். மடியிலிருந்து கல்லை எடுத்துக் காட்டினார். "நீ வராட்டி இதைக் கெணத்துல போட்டுட்டுப் போறேன். நாளைக்குக் கடிபட்டவன் வந்து கேட்டா, முசரவாக்கத்துக் கலியனைக் கேளுன்னு அனுப்பி வைக்கிறேன்."

நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். கலியனின் மனைவி தேவகி கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு, "இன்னாய்யா பார்த்துக்கினு நிக்கிற? கெளம்பு!" என்று கத்தினாள். கலியன் சேற்றுக் காலோடு வரப்பேறினார். பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் தள்ளி, வழியை அடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார் ரேணுகாம்பாள்.

பதினான்கும் முடிந்தது. வருஷம் ஒன்றாகிறது, கலியன் இந்த ஆடியிலும் நடவு நட்டார். கல்தான் தன்னைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்கிறார். ரேணுகாம்பாள் மறுப்பதில்லை.

"உண்மையில் அந்தக் கல்லில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாபா தெரியும்? அது இருக்குதுன்னுதான் என்கிட்ட வராங்க."

அவர் அடுத்த தாருக்கு நூலை மாட்டினார். அப்போது தெருமுனையில் ஒரு பெண், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வருவது தெரிந்தது. ரேணுகாம்பாள் ராட்டையை விட்டு எழுந்து, துணி சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் வாய் திறப்பதற்கு முன்பே செருப்பில் காலை நுழைத்தார்.